பச்சைக் கொடியை அழுத்தும் முன்: உயர்நிலை மாணவர்களுக்கு பிளாக் வழியாக நிரலாக்கம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். நீங்கள் கணித ஆசிரியர். 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கு வாரம் இரண்டு வகுப்பு கோடிங் சொல்லித்தரும் பொறுப்பு புதிதாக வந்திருக்கிறது. கட்டளைத் துண்டுகளை (பிளாக்) இழுத்து ஒட்டி நிரல் செய்யும் ஸ்கிராட்ச் போன்ற மென்பொருளில் ஆரம்பிக்கலாமா, வரி வரியாகத் தட்டச்சு செய்யும் எழுத்து மொழியான பைத்தானுக்கே நேராகப் போய்விடலாமா? ஸ்கிராட்ச் திரையில் வரும் பூனைப் படத்தைப் பார்த்ததும் இந்த வயதுப் பிள்ளைகள் "இது சின்னப் பசங்களுக்கானது" என்று ஒதுக்கிவிட மாட்டார்களா? பிளாக்கில் பழகிவிட்டால் பிறகு எழுத்து மொழிக்கு மாறுவது கஷ்டமாகிவிடுமா? இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள்.

பிளாக்கிலேயே ஆரம்பியுங்கள். பல வருடங்களாக இந்த வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்த பிறகு இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் பிளாக்கை இழுத்து ஒட்டுவதே பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். தான் அடுக்கிய கட்டளைகளைக் கம்ப்யூட்டர் எப்படி நடத்தும் என்று மாணவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஓட்டிப் பார்த்து, சொன்னதும் நடந்ததும் எங்கே பிரிந்தன என்று தேட வேண்டும். அதுதான் பாடம். அதற்குப் பிளாக் தரும் வசதி வேறு எதிலும் அவ்வளவு சீக்கிரம் கிடைப்பதில்லை.

எழுத்து மொழியில் முதல் வகுப்பு எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். ஒருவன் மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு மூடவில்லை. ஒருத்தி 'பிரிண்ட்' என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தில் அடித்துவிட்டாள். இன்னொருவன் வரிக் கடைசியில் முக்காற்புள்ளியை விட்டுவிட்டான். பக்கத்தில் இருப்பவன் உள்ளே தள்ளி எழுத வேண்டிய வரியை ஓரத்திலேயே எழுதிவிட்டான். நான்கு பேர் திரையிலும் சிவப்பாக ஏதோ வருகிறது. நீங்கள் மேசைக்கு மேசை ஓடிப் புள்ளியும் குறியும் வைத்துக்கொண்டிருப்பீர்கள். மணி அடிக்கும்போது தர்க்கத்தைப் பற்றி ஒருவரும் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டார்கள். அதைவிட மோசம், "எனக்கு இது வராது" என்று இரண்டு மூன்று பேர் அன்றைக்கே முடிவு கட்டியிருப்பார்கள். அந்த முடிவை மாற்ற அப்புறம் மாதக்கணக்கில் ஆகும்.

பிளாக்கில் இந்த வகைப் பிழைக்கு இடமே இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வடிவம் இருக்கிறது. எண்ணோ சொல்லோ தரும் துண்டு உருண்டையாக இருக்கும். ஆம், இல்லை என்று பதில் தரும் துண்டு அறுகோணமாக இருக்கும். 'என்றால்' கட்டளையில் உள்ள குழி அறுகோணக் குழி. அதில் ஓர் எண்ணைத் திணிக்கப் பார்த்தால் உட்காராது. எழுத்து மொழிகளில் தரவு வகை என்று ஓர் அத்தியாயமே நடத்துவார்கள். அதன் கருவை இங்கே கை தானாகக் கற்றுக்கொள்கிறது.

இதனால் பிழையே வராது என்று அர்த்தமில்லை. எழுத்துப் பிழை போய்விடும், சிந்தனைப் பிழை அப்படியே இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். மாணவர் செய்யும் ஒவ்வொரு தப்பும் யோசிக்கத் தகுந்த தப்பாக இருக்கும்.

இந்த யோசனை நேற்று வந்ததல்ல. 1967-இல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் சேர்ந்து லோகோ என்ற மொழியைக் குழந்தைகளுக்காகவே உருவாக்கினார்கள். அதில் ஓர் 'ஆமை' உண்டு. முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்றால் கோடு இழுத்துக்கொண்டே நகரும். பேப்பர்ட் ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜேயோடு வேலை பார்த்தவர். குழந்தை தன் உடம்பால் அறிந்ததை வைத்தே கணிதத்துக்குள் நுழைய முடியும் என்று நம்பினார். அந்த வழியில் வந்த மிச்செல் ரெஸ்னிக்கின் குழு, அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் ஸ்கிராட்சை உருவாக்கி 2007-இல் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. இப்போதுள்ள மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. பிரௌசரிலேயே ஓடும். இணையம் சரியாக இல்லாத இடத்தில் தனியாக நிறுவிக்கொள்ளும் பதிப்பும் இருக்கிறது. திரை முகப்பை 70-க்கும் மேற்பட்ட மொழிகளில் மாற்றிக்கொள்ளலாம்.

சரி, முதல் வகுப்பு. கணித ஆசிரியர் என்பதால் உங்களுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. பூனையை மியாவ் என்று கத்த வைப்பதில் ஆரம்பிக்காமல், பேனா பிளாக்குகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரைத் தொடும் முன் ஒரு மாணவரை எழுப்பி வகுப்புக்குள் சதுரமாக நடக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் அவருக்குக் கட்டளை சொல்லட்டும். "நாலு அடி நட", "வலது பக்கம் திரும்பு". எவ்வளவு திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லாவிட்டால் அவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், அதுதான் விதி. இரண்டு நிமிடத்தில் "90 பாகை திரும்பு" என்ற துல்லியம் தானாக வந்துவிடும். அப்புறம் திரையில் '4 முறை மீண்டும் செய்', அதற்குள் '100 நகர்', '90 பாகை திரும்பு'. சதுரம் வந்துவிடும், எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்து முக்கோணம் கேளுங்கள், சமபக்க முக்கோணம். இங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது.

ஏறக்குறைய எல்லோரும் 60 என்றுதான் போடுவார்கள். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள். 3 முறை, 100 நகர், 60 பாகை திரும்பு. நிரலை ஓட்டும் பச்சைக் கொடியை அழுத்தினால் முக்கோணம் வராது. பாதியில் விட்ட கிண்ணம் போல, திறந்த வாயோடு மூன்று கோடுகள் நிற்கும். முதலில் கம்ப்யூட்டர் மேல் சந்தேகம் வரும். திரும்ப அழுத்துவார்கள், மறுபடியும் அதேதான். அப்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. நான் ஆரம்ப காலத்தில் இந்த இடத்தில் அவசரப்பட்டு "உட்கோணம் வேறு, வெளிக்கோணம் வேறு" என்று விளக்கிவிடுவேன். அந்த விளக்கம் அடுத்த வாரம் யாருக்கும் நினைவில் இருக்காது.

ஒரு வகுப்பில் ஒரு மாணவி 60-ஐத் தொடவே இல்லை. 3 என்பதை 4 ஆக்கினாள், 5 ஆக்கினாள், 6 ஆக்கியதும் படம் மூடிக்கொண்டது, ஆனால் வந்தது அறுகோணம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து நின்றாள். நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டு அடி நடந்து, உடம்பைத் திருப்பிப் பார்த்து, "60 திரும்பினால் பாதிகூடத் திரும்பவில்லை, முன்னாடியே போய்க்கொண்டிருக்கிறேன்" என்றாள். உட்கார்ந்ததும் 120 போட்டாள். முக்கோணத்துக்குள்ளே இருக்கும் கோணம் 60, நடப்பவர் திரும்ப வேண்டியது மீதி 120 என்பதை அவள் காலால் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஐங்கோணத்துக்கு 72, எண்கோணத்துக்கு 45 என்று போட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு சுற்று சுற்றி வந்தால் மொத்தம் 360, அதைப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். ஐந்து முறை 144 திரும்பினால் என்ன வரும் என்று கேட்டுப் பாருங்கள். நட்சத்திரம் வந்து நிற்கும். அதில் மொத்தம் திரும்பியது 720, அதாவது இரண்டு சுற்று. "ஏன் இரண்டு?" என்ற கேள்வி அந்த வயதில் எழுந்துவிட்டால் அதைவிட வேறென்ன வேண்டும்?

இங்கே ஒரு பழக்கத்தை முதல் நாளிலேயே கொண்டுவந்துவிடுங்கள். பச்சைக் கொடியை அழுத்தும் முன், என்ன நடக்கும் என்று நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும் அல்லது கையால் ஒரு படம் போட வேண்டும். எழுதாமல் அழுத்தக் கூடாது. முதலில் முனகுவார்கள். ஆனால் எழுதி வைத்த கணிப்பு பொய்த்தால்தான் திகைப்பு வருகிறது. எழுதாதவர்கள் எது வந்தாலும் "நான் இதைத்தான் நினைத்தேன்" என்று தாண்டிப் போய்விடுவார்கள். இங்கிலாந்தில் கணினிக் கல்வி ஆய்வாளர் சூ சென்டன்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் இதை ஒரு முறையாகவே வகுத்திருக்கிறார்கள். முதலில் தயாராக உள்ள ஒரு சிறு நிரலைக் கொடுத்துக் கணிக்கச் சொல்வது, பிறகு ஓட்டிப் பார்ப்பது, ஆராய்வது, கொஞ்சம் மாற்றிப் பார்ப்பது, கடைசியில் சொந்தமாக ஒன்றைச் செய்வது. காலித் திரையைக் கொடுத்து "ஏதாவது செய்யுங்கள்" என்று விடுவதைவிட இது எவ்வளவோ மேல். காலித் திரை பெரியவர்களையே பயமுறுத்தும்.

அடுத்து நிபந்தனை. இதில் எல்லா வகுப்பிலும் வரும் ஒரு தப்பு இருக்கிறது. அதற்குத் தயாராக இருங்கள்.

புதிர்ப்பாதை விளையாட்டு ஒன்று செய்யச் சொல்கிறீர்கள். கறுப்புச் சுவர்கள், அம்புக்குறி விசைகளால் நகரும் ஒரு புள்ளி. சுவரைத் தொட்டால் தொடக்க இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். மாணவர் பச்சைக் கொடியின் கீழே 'கறுப்பு நிறத்தைத் தொட்டால், தொடக்க இடத்துக்குப் போ' என்று ஒட்டுகிறார். படித்துப் பார்த்தால் தப்பே தெரியாது. ஓட்டினால் புள்ளி சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். "சார், இது வேலை செய்யவில்லை, தொட்டால் போ என்று எழுதியிருக்கிறேனே!"

தப்பு அந்த 'ஆல்' விகுதியில் இருக்கிறது. "மழை வந்தால் துணியை எடு" என்று வீட்டில் சொன்னால், அது நாள் முழுக்கச் செல்லுபடியாகும் உத்தரவு. கேட்டவர் அவ்வப்போது வானத்தைப் பார்த்துக்கொள்வார் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கம்ப்யூட்டர் அப்படி எடுத்துக்கொள்ளாது. அந்த வரிக்கு வரும் கணத்தில் ஒரே ஒரு தடவை பார்க்கும். இப்போது தொடுகிறதா? இல்லை. சரி, வேலை முடிந்தது. கொடியை அழுத்திய அந்த நொடியில் புள்ளி சுவர்ப் பக்கமே போகவில்லை, ஆகவே சோதனை அத்தோடு முடிந்துவிட்டது. 'எப்போதும்' என்ற சுழற்சிக்குள் அதைப் போட்டால்தான் திரும்பத் திரும்பப் பார்க்கும். இந்த இடத்தை வகுப்பில் நடித்துக் காட்டுங்கள். ஒரு மாணவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். "ஜன்னல் திறந்திருந்தால் கையைத் தூக்கு" என்று சொன்னதும் ஒரே ஒரு முறை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு அப்புறம் ஜன்னலைத் திறங்கள். கை தூக்கப்படாது. வகுப்பு சிரிக்கும், ஆனால் அந்தப் பாடம் அப்படியே தங்கிவிடும். பேச்சு மொழியின் 'ஆல்' வேறு, நிரலின் 'ஆல்' வேறு என்று தெரிந்துகொண்ட மாணவர் ஒரு பெரிய படியைத் தாண்டிவிட்டார்.

மாறிக்கு வருவோம், அதாவது நிரல் ஒரு மதிப்பைப் பெயர் வைத்து நினைவில் வைத்துக்கொள்ளும் இடம். வேரியபிள் என்றுதான் எல்லோரும் சொல்லப்போகிறார்கள், சொல்லட்டும். வழக்கமாக இதைப் பெட்டி என்று விளக்குவார்கள். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. பெட்டியில் ஒன்றை வைத்த பிறகு இன்னொன்றையும் வைக்கலாம், பழையதும் உள்ளே கிடக்கும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். சிலேட்டு என்று சொல்லிப் பாருங்கள். புதிதாக எழுத வேண்டுமானால் பழையதை அழித்தாக வேண்டும். பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து எழுதினால் அவருடைய சிலேட்டில் இருப்பது அழியாது. இரண்டு உண்மையும் ஒரே உவமையில் வந்துவிடுகிறது. பிறகு இரண்டு மாணவர்களைச் சிலேட்டோடு, அல்லது ஒரு தாளும் பென்சிலும் அழிப்பானுமாக, நிற்க வையுங்கள். ஒருவரிடம் 5, மற்றவரிடம் 8. இரண்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் பார்த்து எழுதினால் இருவரிடமும் 8 என்று ஆகிவிடும், 5 காணாமல் போய்விடும். மூன்றாவது சிலேட்டு வேண்டும் என்று யாராவது கத்துவார்கள். கத்தும் வரை காத்திருங்கள்.

விளையாட்டில் மதிப்பெண் வைத்தவுடன் இன்னொன்று வரும். முதல் ஆட்டம் சரியாக இருக்கும். இரண்டாவது ஆட்டம் 0-இல் ஆரம்பிக்காமல் பழைய மதிப்பெண்ணிலேயே ஆரம்பிக்கும். 'மதிப்பெண்ணை 0 ஆக்கு' என்ற வரியைத் தொடக்கத்தில் போடவில்லை. ஸ்கிராட்சில் 'ஆக்கு', 'கூட்டு' என்று இரண்டு தனித்தனி பிளாக்குகள் இருப்பதால், பழையதை அழித்துப் புதிதாக வைப்பதற்கும் பழையதோடு சேர்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுவது சுலபம்.

இப்போது "சின்னப் பசங்களுக்கானது" என்ற பிரச்சினை. இது நிஜமான பிரச்சினை, தட்டிக்கழிக்காதீர்கள். 14 வயதில் தன்னைக் குழந்தையாக நடத்துகிறார்கள் என்று தோன்றினால் அந்தப் பிள்ளை மனதை மூடிக்கொள்ளும். ஆனால் அதற்கு மருந்து கருவியை மாற்றுவதில்லை, வேலையை மாற்றுவது. பூனையை முதல் நாளே நீக்கிவிடச் சொல்லுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற புகழ்பெற்ற அறிமுகப் பாடம் ஸ்கிராட்சில்தான் தொடங்கி, உடனே சி என்ற எழுத்து மொழிக்குப் போகிறது. இதை வகுப்பில் சொல்லுங்கள், பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். மீதிப் பாதி, நீங்கள் கொடுக்கும் கணக்கின் கனத்தைப் பொறுத்தது.

நான் கொடுக்கும் வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது பகடை. இரண்டு பகடைகளை உருட்டினால் எந்தக் கூட்டுத்தொகை அதிகம் வரும்? கணிப்பை முதலில் எழுதச் சொல்வேன். பிறகு 1000 முறை உருட்டி எண்ண ஒரு நிரல். பாதிப் பேர் '2 முதல் 12 வரை ஏதாவது ஓர் எண்' என்று ஒரே ஒரு பிளாக்கைப் போடுவார்கள். இன்னொரு பாதி '1 முதல் 6 வரை ஏதாவது ஓர் எண்' என்று இரண்டு பிளாக் போட்டுக் கூட்டுவார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று இரு தரப்பும் நினைக்கும். ஏனென்றால் இரண்டிலும் 2 முதல் 12 வரைதான் வருகிறது.

எண்ணி வைக்க 12 இடமுள்ள ஒரு பட்டியல். எல்லா இடத்திலும் முதலில் 0. கூட்டுத்தொகை 7 வந்தால் ஏழாவது இடத்தில் ஒன்றைக் கூட்டு. ஓட்டி முடித்ததும் முதல் தரப்பின் பட்டியல் ஏறத்தாழ சமதளமாக இருக்கும். இரண்டாவது தரப்பின் பட்டியல் நடுவில் மலை போல எழும்பி ஓரங்களில் சரியும். யாருடையது சரி? இனி நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், வகுப்பே சண்டை போட்டுக்கொள்ளும். யாராவது ஒருவர் 7 வர எத்தனை வழி என்று எண்ண ஆரம்பிப்பார். 36 வழிகளில் 7-க்கு ஆறு, 2-க்கு ஒன்று. நிகழ்தகவு பாடத்தில் பலகையில் எழுதிக் காட்டியபோது ஏறாதது இங்கே ஏறும், ஏனென்றால் தாங்கள் செய்த நிரலைக் காப்பாற்ற அவர்கள் வாதாடுகிறார்கள். அந்தப் பட்டியலின் முதல் இடம் மட்டும் எப்போதும் 0-ஆகவே இருக்கும். அது ஏன் என்று ஒரு பையன் கேட்டான். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்தில் இருந்தவன் சொல்லிவிட்டான், "ரெண்டு பகடையிலே எப்படிடா ஒண்ணு வரும்?"

இதைக் குழந்தை விளையாட்டு என்று ஒரு மாணவரும் சொன்னதில்லை.

வேறு வகை மாணவர்களுக்கு வேறு கருவிகள் உண்டு. சொந்தக் கைப்பேசியில் ஓடும் ஒரு செயலி செய்ய வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஆப் இன்வென்டர் இருக்கிறது. 2010-இல் கூகுளில் தொடங்கி, பின்பு எம்ஐடி-க்கு வந்தது. கையில் பிடித்துப் பார்க்கும்படி ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு மைக்ரோபிட். 25 சிறு விளக்குகளும் இரண்டு பட்டன்களும் உள்ள கைக்கடக்கமான அட்டை அது. பிரிட்டனில் பிபிசி முன்னின்று 2016-இல் அதைப் பள்ளி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் இலவசமாகக் கொடுத்தது. வேகமாக ஓடும் மாணவர்களுக்கு, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்னாப். பார்க்க ஸ்கிராட்ச் மாதிரியே இருக்கும், உள்ளே கல்லூரிப் பாடத்துக்குப் போதுமான ஆழம் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் காட்டாதீர்கள். ஒரு கருவி, அதில் நன்றாக நாலு வேலை, அது போதும்.

பிளாக்கினால் வரும் கெட்ட பழக்கங்களைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. இஸ்ரேலில் ஸ்கிராட்ச் வகுப்புகளைக் கவனித்த ஆய்வாளர்கள் 2011-இல் இரண்டு பழக்கங்களை எடுத்துக் காட்டினார்கள். ஒன்று, திட்டமே இல்லாமல் கண்ணில் பட்ட பிளாக்குகளை எல்லாம் இழுத்துப் போட்டு, ஏதாவது வருகிறதா என்று பார்ப்பது. மற்றொன்று, ஒரே வேலையைப் பொடிப் பொடியாக நறுக்கிப் பத்துப் பதினைந்து சிறு துண்டுகளாகச் சிதறவிடுவது. இரண்டையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொடியின் கீழே ஒரே நேரத்தில் ஏழு துண்டுகள் ஓடும். எது முதலில் நடக்கிறது என்று செய்தவருக்கே தெரியாது.

அதே ஆய்வாளர் வட்டத்திலிருந்து பின்னால் வந்த இன்னொரு ஆய்வையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடுநிலை வகுப்பில் ஸ்கிராட்ச் படித்தவர்கள் மேல்வகுப்பில் எழுத்து மொழிக்கு வந்தபோது புதிய பாடங்களைச் சீக்கிரமாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பது அதில் தெரிந்தது. ஆக, கெட்ட பழக்கத்துக்கு மருந்து பிளாக்கை விடுவதில்லை. வேலையை முதலில் தாளில் நான்கைந்து வாக்கியமாக எழுத வைப்பது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'எனது பிளாக்குகள்' பகுதியில் பெயர் வைத்துத் தனிக் கட்டளையாக்குவது, இதுதான் மருந்து. 'முக்கோணம் வரை', 'பகடை உருட்டு', 'மதிப்பெண் காட்டு' என்று பெயரிட்ட கட்டளைகளால் ஆன நிரல் படிக்க ஒரு பத்தி போலவே இருக்கும். பெயர் வைப்பதில் கண்டிப்பாக இருங்கள். 'அஅஅ' என்று பெயர் வைத்த வேரியபிளை நான் திருத்தித் தருவதில்லை, முதலில் நல்ல பெயர் வைத்துக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவேன்.

எப்போது எழுத்து மொழிக்கு மாறுவது? அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றில் டேவிட் வெய்ன்ட்ராப், உரி விலென்ஸ்கி இருவரும் செய்த ஒப்பீடு இங்கே உதவும். ஒரு வகுப்பு பிளாக்கிலும் இன்னொரு வகுப்பு எழுத்திலும் ஐந்து வாரம் படித்தது. பிளாக் வகுப்பு கற்றுக்கொண்டதும் அதிகம், மேற்கொண்டு கம்ப்யூட்டர் படிக்கும் ஆர்வமும் அதிகம். ஆனால் எழுத்து வகுப்பு, தாங்கள் செய்வதுதான் நிஜமான நிரலாளர்கள் செய்வதற்கு நெருக்கமானது என்று நினைத்தது. அதற்குப் பிறகு இரு வகுப்பும் பத்து வாரம் ஜாவா என்ற எழுத்து மொழியைப் படித்தன. முடிவில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு விஷயங்கள். பிளாக்கில் ஆரம்பித்ததால் யாரும் பின்தங்கிப் போவதில்லை. அதே சமயம், பிளாக்கில் பெற்ற முன்னிலை தானாக எழுத்து மொழிக்குள் வந்து சேர்ந்துவிடாது, அதற்குப் பாலத்தை ஆசிரியர் கட்ட வேண்டும்.

பாலம் என்றால், புதிய மொழியைப் புதிய கணக்கோடு தொடங்கக் கூடாது. பிளாக்கில் செய்த அதே முக்கோணத்தைப் பைத்தானில் செய்யச் சொல்லுங்கள். பைத்தானோடு கூடவே வரும் 'டர்டில்' தொகுதியில் அந்தப் பழைய ஆமை அப்படியே இருக்கிறது. 3 முறை சுற்று, 100 முன்னே போ, 120 திரும்பு. பிளாக் படத்தை அச்சிட்டு இடப்பக்கம் வைத்துக்கொண்டு வலப்பக்கம் வரி வரியாக எழுதட்டும். பிளாக்கின் 'மீண்டும் செய்' தன் வாய்க்குள் கட்டளைகளைக் கவ்விக்கொண்டிருக்கிறது அல்லவா? பைத்தானில் உள்ளே தள்ளி எழுதுவதும் அதே கவ்வல்தான் என்று காட்டினால், இடம் விட்டு எழுதுவது அர்த்தமில்லாத சட்டமாகத் தெரியாது. மைக்ரோபிட்டுக்கான மேக்கோட் தளத்தில் ஒரே நிரலைப் பிளாக்காகவும் எழுத்தாகவும் மாற்றி மாற்றிப் பார்க்கும் வசதியே இருக்கிறது.

மாறும்போது இடறும் இடங்களை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். ஸ்கிராட்சில் பட்டியல் 1-இல் தொடங்கும், பைத்தானில் 0-இல் தொடங்கும். பகடைப் பட்டியல் அப்படியே ஓர் இடம் நகர்ந்துவிடும். அப்புறம் சமக்குறி. உங்கள் கணித வகுப்பில் அது இரு பக்கமும் சமம் என்று சொல்கிறது. இங்கே அது 'ஆக்கு' பிளாக்கின் வேலையைச் செய்கிறது. மதிப்பெண் சமக்குறி மதிப்பெண் கூட்டல் 1 என்ற வரியைப் பார்த்ததும் கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் முதலில் எதிர்ப்பார்கள். அவர்கள் எதிர்ப்பது சரி. இரண்டும் வேறு குறிகள், உருவம் மட்டும் ஒன்று என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

வாரம் இரண்டு வகுப்பு என்றால் எட்டு முதல் பத்து வாரம் பிளாக், பிறகு மூன்று நான்கு வாரம் இரண்டையும் அருகருகே வைத்து நடத்துவது, அதன்பின் முழுக்க எழுத்து. இது என் கணக்கு. உங்கள் பிள்ளைகளைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். 'என்றால்' என்பதையும் 'எப்போதும்' என்பதையும் சேர்த்து வைத்து, ஓட்டாமலே என்ன நடக்கும் என்று முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொல்கிறார்கள் என்றால் நேரம் வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் போதாது என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். இருவருக்கு ஒன்று என்பது நல்ல ஏற்பாடு. ஒருவர் மௌஸைப் பிடிக்க, மற்றவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். கடிகாரத்தை நீங்களே பார்த்து மாற்றிவிடுங்கள். விட்டால் துணிச்சலான பிள்ளையின் கையிலேயே மௌஸ் தங்கிவிடும். எனக்குத் தெரிந்த பல வகுப்புகளில் பெண் பிள்ளைகள் ஒரு பருவம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம். வகுப்பில் யாருடைய கை மௌஸில் இருக்கிறது என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

மதிப்பெண் போடும்போது பளபளப்பான விளையாட்டுக்குப் போடாதீர்கள். இணையத்தில் இருந்து எடுத்து நிறம் மாற்றிய விளையாட்டு எப்போதும் பளபளப்பாகத்தான் இருக்கும். எடுப்பது தப்பில்லை, மற்றவர் செய்ததை எடுத்து மாற்றிப் பார்ப்பதை ஸ்கிராட்சே வரவேற்கிறது. ஆனால் மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிளாக்கைத் தொட்டு, "இதை வெளியே எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலுக்கு மதிப்பெண் போடுங்கள்.

எனக்கே இது முழுசாகத் தெரியாதே என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். பைத்தான் வரை இப்போதே படித்துவிட வேண்டும் என்று மலைக்காதீர்கள், அதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. முதல் வகுப்புக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சதுரம் வரையுங்கள். முக்கோணத்துக்கு 120 என்று உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் 60 போட்டு ஓட்டிப் பாருங்கள். திறந்து நிற்கும் அந்த மூன்று கோடுகளை நீங்கள் ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். மறுநாள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கலாம் என்று அப்போதுதான் தெரியும்.